‘சிவில் வார்’: தான் எழுப்பிய கேள்வியைப் படமே கைவிட்டுவிட்டதா?

திரைநோக்கி:

ரூசோ சகோதரர்களின் இயக்கத்தில் 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தை மறுபடியும் பார்த்த பிறகு, அதன் மீது எனக்கிருந்த மனக்குறை கூடியிருக்கிறது. சூப்பர்ஹீரோ படங்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் ஒரு கேள்வியை இந்தப் படம் முதல் பாதியில் துணிந்து எழுப்புகிறது. எந்த அரசுக்கும் கட்டுப்படாமல், எந்த நாட்டின் எல்லையையும் பொருட்படுத்தாமல் செயல்படும் பேராற்றல் படைத்த சிலரின் கையால் பொதுமக்கள் உயிரிழந்தால், அதற்கு யார், யாரிடம் பதில் சொல்வது? லாகோஸ் நகரில் ரம்லோ என்ற வில்லன் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்ய, சந்தைக் கூட்டத்தைக் காப்பாற்ற, அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ குழுவைச் சேர்ந்த வாண்டா அந்த வெடிப்பைத் தன் ஆற்றலால் அடக்கி மேலே தூக்குகிறாள். அது கைமீறிப்போய்ப் பக்கத்துக் கட்டடத்தைச் சிதைத்து, அங்கிருந்த வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டவரின் உயிரைப் பறிக்கிறது. அதன் விளைவாக, 117 நாடுகளின் ஆதரவு பெற்ற சொகோவியா ஒப்பந்தத்தை (முந்தைய படத்தில் அவெஞ்சர்ஸின் சண்டையில் சிதைந்த கற்பனை நாடு சொகோவியா) அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராஸ் கொண்டுவருகிறார். ஐ.நா. மேற்பார்வையிலான ஒரு குழு அனுமதித்தால் மட்டுமே அவெஞ்சர்ஸ் இனிக் களமிறங்க முடியும். அதற்கு உடன்படாதவர் ஓய்வுபெற வேண்டியதுதான்.

இவ்வளவு கனமான கேள்வியை எழுப்பிய படம், வியன்னாவில் குண்டு வெடித்ததும் அதை விட்டு விலகிவிடுகிறது. அதன்பின், அந்தக் குண்டுவெடிப்புக்குக் குற்றம் சாட்டப்படும், கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவின் பழைய நண்பன் பக்கி பார்ன்ஸைப் பிடிப்பதா காப்பாற்றுவதா என்பது மட்டுமே கதையாகிறது. சைபீரியாவில் நடக்கும் இறுதிச் சண்டையில் ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1991ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று தன் பெற்றோரைக் கொன்றவன் பக்கி என்பதைக் காணொளியில் கண்டுவிட்ட ஒரு மகனின், அதாவது அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின், ஆவேசம்தான் அங்கே எஞ்சுகிறது. அந்தக் காட்சியின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால், டோனியும் ஸ்டீவும் பகைவர்களாக மாறுவதற்கு அந்தக் காணொளியே போதும் என்றால், ஒப்பந்தத்தைச் சுற்றி அத்தனை வாதங்களை அடுக்கியது எதற்காக?

மறுகரை:

படம் அந்தக் கேள்வியைக் கைவிட்டதாக நான் கருதவில்லை. வாதமேசையிலிருந்து அதை எடுத்து, பாத்திரங்களின் நடத்தைக்குள் வைத்துவிட்டது என்றே சொல்வேன். கண்காணிப்புக் குழு நம்மை ஒரு தவறான இடத்துக்கு அனுப்பினால் என்ன செய்வது, போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் தடுத்தால் என்ன செய்வது என்று ஸ்டீவ் தொடக்கத்தில் கேட்கிறான். இரண்டாம் பாதி முழுவதும் அந்த அச்சத்தின் நிரூபணமாகவே நகர்கிறது. பக்கியின் குற்றம் விசாரிக்கப்படும் முன்பே அவனைச் சுட்டுக் கொல்ல உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. பெர்லினில் அவனுடைய மனநிலையைப் பரிசோதிக்க அதிகாரபூர்வமாக வரவழைக்கப்படும் மருத்துவர் உண்மையில் வியன்னாவில் குண்டு வைத்த ஜீமோ. உண்மையான மருத்துவரைக் கொன்றுவிட்டு அவருடைய பெயரில் அவன் உள்ளே நுழைகிறான். அத்தனை காவலும் அத்தனை நடைமுறையும் கொண்ட ஓர் அமைப்பு, ஒரே ஒரு ஆள்மாறாட்டத்தைக்கூடக் கண்டறியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீவ் தொடக்கம் முதலே கண்ணை மூடிக்கொண்டு மறுத்தவன் அல்லன். தகுந்த பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டால் கையெழுத்திடலாம் என்ற நிலைக்கு அவன் பெர்லினில் வந்துவிடுகிறான். வாண்டாவை அவெஞ்சர்ஸ் வளாகத்துக்குள்ளேயே டோனி அடைத்து வைத்திருக்கிறான் என்பது பேச்சினிடையே தெரிய வந்த பிறகுதான் பேனாவைத் திருப்பித் தருகிறான். காகிதத்தில் இருக்கும் விதிகளைவிட, அவற்றின் பெயரால் இப்போதே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜீமோவின் சூழ்ச்சி அம்பலமானதும் டோனி அதை ராஸிடம் எடுத்துச் சொல்கிறான். ராஸ் செவிசாய்க்க மறுக்கிறார். உடனே டோனி, தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறி, யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சைபீரியாவுக்குப் புறப்படுகிறான். ஒப்பந்தத்தை ஆதரித்தவனே அதை மீறினால்தான் சரியானதைச் செய்ய முடியும் என்ற நிலை வருகிறதே, இதைவிடத் தெளிவாக ஒரு படம் தன் கேள்விக்கு எப்படி முகம்கொடுக்கும்?

திரைநோக்கி:

நீங்கள் அடுக்கும் சான்றுகள் எல்லாம் திரைக்கதை ஸ்டீவின் பக்கம் சாய்த்து வைத்த எடைக்கற்கள். ராஸை ஈவிரக்கமற்றவராகவும் பிடிவாதக்காரராகவும் படைத்துவிட்டால், அவர் கையில் இருக்கும் எந்த ஆவணமும் தீயதாகத்தான் தெரியும். நேர்மையான, நிதானமான ஓர் அதிகாரி அதே ஒப்பந்தத்தை நீட்டியிருந்தால் ஸ்டீவ் என்ன சொல்லியிருப்பான் என்பதே கடினமான கேள்வி. அதைப் படம் தொடவில்லை.

மார்க் மில்லர் எழுதி 2006-07இல் வெளிவந்த மூலக் காமிக்ஸோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். பல குறைகள் கொண்ட கதைதான் அது. ஆனால், அதன் முடிவில் ஸ்டீவைத் தடுத்து நிறுத்துவது பொதுமக்கள். தங்கள் நகரம் சிதைவதைக் கண்ட சாதாரண மனிதர்கள் அவன்மீது பாய்ந்து பிடிக்க, தான் யாருக்காகப் போராடுவதாக நினைத்தானோ அவர்களே பாதிக்கப்படுவதை உணர்ந்து அவன் சரணடைகிறான். படத்திலோ, ஸ்டீவின் அணியும் டோனியின் அணியும் மோதும் விமான நிலையத்தை ஆள் நடமாட்டம் இல்லாமல் காலி செய்துவிட்டுத்தான் சண்டையே தொடங்குகிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஒரு சண்டையைப் பொதுமக்கள் எவரும் இல்லாத ஓடுதளத்தில் நடத்துவது, எனக்கு ஒரு தப்பித்தலாகவே படுகிறது.

அலைவரிசை:

இருவருமே சைபீரியாக் காட்சியை ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாத தனிக்கதையாக எடுத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். ஒருவர் அதனால் படத்தைக் குறை கூறுகிறார். மற்றவர் அந்தக் காட்சியைப் பேசாமலேயே தாண்டிப் போகிறார். எனக்கோ, ஒப்பந்தத்தின் ஆதாரக் கேள்வி படத்திலேயே மிகக் கூர்மையாகக் கேட்கப்படும் இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

டோனியின் தந்தை ஹோவர்ட் ஸ்டார்க்கின் மரணம் விபத்தல்ல, ஹைட்ரா என்ற ரகசிய அமைப்பு செய்த கொலை என்பது 2014ஆம் ஆண்டின் ‘விண்டர் சோல்ஜர்’ படத்திலேயே ஸ்டீவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவன் டோனியோடு ஒரே குழுவில் பணியாற்றுகிறான், ஒரே மேசையில் அமர்கிறான், அவனுடைய செல்வத்தால் இயங்கும் வளாகத்தில் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கிறான். அந்த உண்மையை மட்டும் சொல்லவே இல்லை. டோனி நேருக்கு நேர் கேட்கும்போதும், கொன்றது பக்கி என்று தனக்குத் தெரியாது என்றுதான் முதலில் நழுவுகிறான். இரண்டாம் முறை அழுத்திக் கேட்ட பிறகே தெரியும் என்ற பதில் வருகிறது.

ஆற்றலைப் பயன்படுத்தும் முடிவு நம் கையில் இருப்பதே பாதுகாப்பானது என்பது ஸ்டீவின் நிலைப்பாடு. தன் மனச்சான்று எவருடைய மேற்பார்வையும் இல்லாமல் சரியாக இயங்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அது நிற்கிறது. அந்த மனச்சான்று, நெருங்கிய தோழனுக்குச் சேர வேண்டிய ஓர் உண்மையை, தனக்கு வசதியான காலம் வரை பூட்டி வைத்திருந்தது. டோனியின் மனம் நோகக்கூடாது என்று நினைத்ததாகவும், உண்மையில் தன்னைக் காத்துக்கொள்ளவே அப்படிச் செய்ததாகவும் இறுதிக் கடிதத்தில் ஸ்டீவே எழுதுகிறான். யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் தனக்குச் சாதகமாகவே தீர்ப்பெழுதிக்கொள்வான் என்பதற்கு, லாகோஸ் கட்டடத்தைவிட இந்த மௌனம் வலுவான சான்று. லாகோஸில் நடந்தது கைதவறிய ஒரு கணம். இதுவோ நாள்தோறும் மறுபடி மறுபடி எடுக்கப்பட்ட முடிவு.

மறுகரை:

அலைவரிசையின் வாசிப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. அந்த மௌனத்தை நியாயப்படுத்த நான் முயலப் போவதில்லை. ஆனால், இந்த அளவுகோலை ஒருவன்மீது மட்டும் வைத்துப் பார்ப்பது முறையாகாது. அல்ட்ரான் என்ற செயற்கை அறிவு இயந்திரத்தைக் குழுவின் மற்றவர்களுக்குத் தெரியாமல் உருவாக்கியவன் டோனி. சொகோவியாவின் அழிவே அதிலிருந்துதான் தொடங்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், ஸ்டீவைப் பிடித்துத் தர ராஸ் கொடுத்த 36 மணி நேரத்துக்குள், பள்ளி மாணவனான ஸ்பைடர்மேனை அவனுடைய அத்தைக்கு உண்மையைச் சொல்லாமல் ஜெர்மனியில் நடக்கும் சண்டைக்கு அழைத்துப் போகிறான். மேற்பார்வை வேண்டும் என்று மனதார நம்புபவன் செய்யும் காரியமா இது? டோனிக்குத் தேவைப்பட்டது தன் குற்றவுணர்வை இறக்கி வைக்க ஓர் இடம். மகனைச் சொகோவியாவில் பறிகொடுத்த தாய் அவனை நேரில் குற்றம் சாட்டிய பிறகுதான் அவன் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுகிறான். குற்றவுணர்வு மதிக்கத்தக்கதுதான். ஆனால், அவசரமாக எழுதப்பட்ட ஒரு சட்டத்தை அலசிப் பார்க்காமல் ஏற்பதற்கு அது போதுமான காரணமாகாது.

சான்றுரை:

மூவரும் வக்காண்டாவின் இளவரசன் டி’சல்லாவை மறந்துவிட்டீர்கள். இந்தப் படத்தில் இழப்பைச் சந்தித்த மூவர் பழிவாங்கப் புறப்படுகிறார்கள். சொகோவியாவில் குடும்பத்தையே இழந்த ஜீமோ, பெற்றோரை இழந்த டோனி, வியன்னாவில் தந்தையை இழந்த டி’சல்லா. கொலைகாரன் தன் கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருக்கும்போது, அவனைக் கொல்லாமலும், அவன் தற்கொலை செய்துகொள்ளவும் விடாமலும் தடுத்து, நீதியின் முன் நிறுத்துபவன் டி’சல்லா மட்டுமே. திரைநோக்கி தேடும் விடை அவனிடம் இருக்கிறது. யார் மேற்பார்வையிடுவது என்ற சச்சரவில் மற்றவர்கள் மோதிக்கொண்டிருக்கையில், தன் கையைத் தானே நிறுத்தத் தெரிந்த ஒருவனைப் படம் அமைதியாக முன்வைக்கிறது.

அலைவரிசை:

அவனைப் பற்றிய மதிப்பீட்டில் எனக்கும் உடன்பாடே. ஆயினும், படத்தின் முடிவில் உலகமே தேடும் பக்கிக்கு வக்காண்டாவில் அடைக்கலம் தருபவனும் அவனே. அவன் தந்தை ஆதரித்து, கையெழுத்திடும் மாநாட்டிலேயே உயிர்விட்ட ஒப்பந்தம் அது. நல்ல நோக்கத்தோடு செய்த மீறல்தான். மீறல் என்பதில் ஐயமில்லை. தன் கையைத் தானே நிறுத்தத் தெரிந்தவனும், யாரிடமும் கேட்காமல் தானே முடிவெடுக்கிறான்.

திரைநோக்கி:

சைபீரியாக் காட்சியை அலைவரிசை ஒப்பந்தத்தோடு இணைத்த விதம் வலுவானது; இனி அந்தக் காட்சியை நான் வேறு விதமாகத்தான் பார்ப்பேன். ஆனால், என் குறை அதனால் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. பதில் சொல்லும் கடமை என்பதைப் படம் தோழனுக்குத் தோழன் பட்ட கடனாகச் சுருக்கிவிட்டது. விமான நிலையத்தில் டோனியின் அணியிலிருந்த விஷனின் குறி தவறி, அதே அணியின் ரோட்ஸ் வீழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது, அந்த இழப்பைப் படம் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறது. 138 போர்ப் பறப்புகளை மேற்கொண்ட ரோட்ஸ், அவற்றில் ஒவ்வொன்றும் தன் கடைசியாக இருந்திருக்கலாம் என்று சொல்லி, நடக்கப் பழகும் வலிக்கிடையிலும் ஒப்பந்தம் சரியானதே என்று நிற்கிறார். படத்தின் நேர்மையான குரல்களில் அதுவும் ஒன்று. (அதே ரோட்ஸ், 2018ஆம் ஆண்டின் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் ஸ்டீவைக் கைது செய்யச் சொல்லும் ராஸின் உத்தரவை ஏற்க மறுக்கிறார், அதற்கான மனமாற்றத்தை எந்தப் படமும் பொறுமையாகச் சொல்லவில்லை.) ஆனால், ரோட்ஸ் குழுவில் ஒருவர். மகனை இழந்த அந்தத் தாய் ஒரே ஒரு காட்சியோடு மறைந்துவிடுகிறார். கடிதத்தில் ஸ்டீவ் டோனியிடம் மன்னிப்புக் கேட்கிறான், ஒப்பந்தத்தில் ஒருமித்த கருத்து அமையாமல் போனதற்கு வருந்துகிறான். லாகோஸ் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுகரை:

லாகோஸைச் சுமப்பவள் வாண்டா. தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துத் தன்னைத் தானே நொந்துகொள்பவளும் அவளே. அந்த ஒருத்திக்கு ஒப்பந்தம் என்ன செய்தது? முதலில் வீட்டுக்காவல்; பிறகு கடல்நடுவே ராஃப்ட் சிறையில், கைகள் கட்டப்பட்டு, கழுத்தில் பட்டை பூட்டப்பட்ட நிலை. அவளிடம் லாகோஸ் பற்றிக் கேட்டறியும் விசாரணை எதுவும் படத்தில் எங்கும் வருவதில்லை, இறந்தவர்களின் உறவினர் ஒருவர்கூட அவளெதிரே அமர்ந்து பேசுவதில்லை. 117 நாடுகள் கூடி எழுதிய ஆவணத்தில் தண்டனைக்கு இடம் இருந்தது, விசாரணைக்கு இல்லை. அதனால்தான் நான் ஸ்டீவின் பக்கம் நிற்கிறேன். ஆனால், திரைநோக்கி கேட்பது அப்படி ஒரு விசாரணைக் காட்சியை என்றால், விமான நிலையச் சண்டையில் பாதியை வெட்டிவிட்டு அதை வைத்திருந்தாலும் எனக்கு மறுப்பில்லை.