கீழ கடை, மேல வீடு: ஏசி இல்லாம காத்தோட்டமா கட்ட முடியுமாங்க?

உடுமலைக்காத்து:
எல்லாருக்கும் வணக்கமுங்க. உடுமலைப்பேட்டைல மெயின் ரோட்டு மேல எங்களுக்கு 30க்கு 75 அடி எடம் ஒண்ணு இருக்குதுங்க, மேக்க பாத்தது, வடக்கயும் தெக்கயும் பக்கத்துக்காரங்க சுவத்தோட சுவரா கட்டிட்டாங்க, அதனால ஜன்னல் வெச்சா முன்னாடி இல்லைனா பின்னாடி தானுங்க. கீழ மூணு கடை (ஒண்ணுக்கு பேக்கரிக்காரர் இப்பவே அட்வான்ஸ் தர்றேங்கறார்), முதல் மாடி ஆபீசுக்கோ கிளினிக்குக்கோ வாடகைக்கு, ரெண்டாவது மாடில நாங்க குடியிருக்கப் போறோம். இன்ஜினியர் என்னடான்னா முன்பக்கம் பூரா கண்ணாடியும் ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு) போட்டாத் தான் வாடகை நிக்கும்ங்கறார். எனக்கு அதுல இஷ்டமே இல்லீங்க, மேக்கு வெயில் நேரா உள்ள வந்து உக்காந்துக்குமே. ஆப்பிரிக்கால கரையான் புத்து மாதிரி ஏசி இல்லாம ஒரு பெரிய பில்டிங் கட்டிருக்காங்கன்னு வீடியோல பாத்தேன், அதுவும் கீழ கடை மேல ஆபீஸ் தான், அதே டெக்னிக் நமக்கு ஒத்து வருமாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க, பிளான் இன்னும் அப்ரூவலுக்குப் போகல.

டக்ட்_மேஸ்திரி (சென்னை):
நீங்க சொல்றது ஹராரேல இருக்கிற ஈஸ்ட்கேட் சென்டர், ஜிம்பாப்வே. 1996ல திறந்தது, மிக் பியர்ஸ் ஆர்க்கிடெக்ட், ஆரூப் கம்பெனி இன்ஜினியரிங். நல்ல பில்டிங் தான், ஆனா வீடியோக்காரங்க கரையானைப் புடிச்சுக்கிட்டு மெயின் மேட்டரை விட்டுடறாங்க. அந்த ஊர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1500 மீட்டர் உசரம், பகல்ல வெயில் எவ்ளோ அடிச்சாலும் ராத்திரி நல்லா குளுந்துடும். அந்த ராத்திரி குளிரை ஃபேன் வெச்சு (ஆமா ஃபேன் இருக்கு, சும்மா தானா ஓடுற காத்து இல்ல) மணிக்கு பத்து தடவ காத்து மாறுற அளவுக்கு கான்கிரீட் தளத்துக்கு நடுவுல ஓட விட்டு அந்த கான்கிரீட்டையே குளுர வெச்சுடுவாங்க, பகல்ல மணிக்கு ரெண்டு தடவ மட்டும் அந்த வழியா காத்து விடுவாங்க, சூடான காத்து மேல 48 புகைபோக்கி வழியா போயிடும். வெளிச்சுவத்துல கண்ணாடி கால்பங்குக்கு மேல கிடையாது, இதை உங்க இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க 😀. அப்புறம் கரையான் புத்து உள்ள நிஜமா அப்படி காத்து ஓடறதில்லன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்களே சொல்லிட்டாங்க, அது வேற கதை.

இதையே சென்னைல பண்ணா மே மாசம் ராத்திரியே 28 டிகிரி, கூடவே ஈரப்பதம், அந்த காத்தை வெச்சு எதைக் குளுர வெக்கறது? உங்க பக்கம் பரவால்ல, கோயமுத்தூர் பெல்ட்ல ராத்திரி 24 பக்கம் இறங்கும், பாதி பலன் கிடைக்கும். ஆனா உங்களுக்கு இருக்கிற பெரிய சொத்து குளிர் இல்ல, பாலக்காட்டு கணவாய் காத்து. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்க இருந்து அடிக்குமே, உங்க ஊரைச் சுத்தி காத்தாடி நட்டு வெச்சிருக்கறது அதுக்குத் தானே.

செம்மண்_கோடு (புதுச்சேரி):
ஆர்க்கிடெக்ட் தான் நானும். மேஸ்திரி சொல்றதோட ஒத்துப்போறேன். ஹராரேயை விட உங்களுக்கு நெருக்கமான உதாரணம் எங்க ஊர்லயே இருக்கு, அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் டிசைன், 1937ல வேலை ஆரம்பிச்சது. அது கடையும் வீடும் கலந்த கட்டடம் இல்ல தான், ஆனா கடலோர புழுக்கத்துல ஏசி இல்லாம எப்படி இருக்கறதுங்கறதுக்கு அதுல பதில் இருக்கு: ஜன்னல் கண்ணாடியே கிடையாது, சுவர் முழுக்க திருப்பி விடற பட்டைகள், வெயிலும் மழையும் உள்ள வராது காத்து வரும், கூரை மேல இன்னொரு வளைவு கூரை போட்டு நடுவுல காத்துக்கு இடம் விட்டிருக்காங்க. அங்க சுவரைக் குளுர வெக்கற ஐடியாவே இல்ல, காத்து ஆள் மேல பட்டு வேர்வை காயணும், அவ்ளோ தான்.

உங்க மனைல சிக்கல் என்னன்னா வெயிலும் மேக்க இருந்து தான், காத்தும் மேக்க இருந்து தான். மூடினா புழுக்கம், திறந்தா அடுப்பு. சாயங்கால வெயில் சாஞ்சு வரும், அதுக்கு ரெண்டடி சன்ஷேடு ஒரு பிரயோஜனமும் இல்ல. முன்னாடி நாலு அஞ்சு அடி வராண்டா விட்டு, படிக்கட்டையும் டாய்லெட்டையும் மேக்கு ஓரத்துல தள்ளிட்டு, மிச்ச முகப்புக்கு சுட்ட மண் ஜாலியோ (ஓட்டை ஓட்டையான தடுப்பு) இல்ல நிக்க வெச்ச பட்டைகளோ குடுங்க, ஷாப் போர்டு வெக்க தனியா ஒரு பட்டை விட்டுட்டா வாடகைக்காரங்களும் சண்டைக்கு வரமாட்டாங்க. அடுத்தது ஆழம். முன்னாடி ஜன்னல்ல நுழைஞ்ச காத்து பின்னாடி வெளிய போகணும்னா ரூம் உசரத்துக்கு அஞ்சு மடங்கு ஆழம் வரைக்கும் தான் ஒழுங்கா ஓடும்னு ஒரு கணக்கு உண்டு. பத்தடி உசரம்னா அம்பது அடி, அதுவும் நடுவுல சுவர் இல்லாம. உங்களுது 75. அதனால நடுவுல ஓடிஎஸ் (வானம் பாக்க திறந்து விடற சந்து) இல்லாம இந்த பிளான் நிக்காது, வேற பேச்சே இல்ல.

உடுமலைக்காத்து:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஓடிஎஸ் பிளான்ல இருக்குதுங்க, ஆனா 4க்கு 4 தான், கீழ கடைல இருந்து மொட்டமாடி வரைக்கும், மேல மழைக்கு பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிரலாம்ங்கறார். பேக்கரி எக்ஸாஸ்டையும் அதுலயே விட்டா தனியா பைப் செலவு மிச்சம்னு வேற சொன்னாரு. சரிங்களா அது?

மூணாவது_மாடி (திருப்பூர்):
தெய்வமே வேண்டாம்! நாங்க வாடகைக்கு இருக்கற பில்டிங்ல இதே கதை தான், கீழ ஹோட்டல், அதுக்கு மேல பனியன் ஆபீஸ், அதுக்கு மேல நாங்க. ஓடிஎஸ்ஸுக்குள்ள ஆபீஸ்காரங்க ஏசி அவுட்டோர் யூனிட்டா வரிசையா மாட்டி வெச்சிருக்காங்க, அது துப்பற அனல் பூரா எங்க கிச்சன் ஜன்னலுக்குத் தான் வருது, காலைல நாலு மணிக்கே சாம்பார் தாளிக்கற வாசம், எங்க வீட்டு சாம்பாரா இருந்தா பரவால்ல. அந்தப் பக்க ஜன்னலைத் திறந்தே வருசக்கணக்காச்சு. காத்துக்குன்னு விட்ட சந்து காரணமா நாங்க ஏசி வாங்கினோம், இதை எங்க போய் சொல்றது. அக்ரிமெண்ட் போடறப்பவே அவுட்டோர் யூனிட் எங்க மாட்டணும்னு எழுதி வாங்கிடுங்க.

டக்ட்_மேஸ்திரி (சென்னை):
மேல சொன்னவங்க சொன்னது நூத்துக்கு நூறு. கடையும் வீடும் கலந்த பில்டிங்ல முதல் ரூலே கீழ இருக்கறவங்க காத்தும் மேல இருக்கறவங்க காத்தும் ஒரே குழாய்ல போகக்கூடாது. வாசத்துக்காக மட்டும் சொல்லல. பேக்கரில தீப்புடிச்சா அந்த 4க்கு 4 சந்து தான் புகைபோக்கி, ரெண்டு நிமிசத்துல உங்க பெட்ரூம்ல புகை நிக்கும். ஓடிஎஸ்ஸை முதல் மாடி தளத்துல இருந்து ஆரம்பிங்க, கடைக்கும் அதுக்கும் நடுவுல முழு கான்கிரீட், ஒரு ஓட்டை கூட வேண்டாம். பேக்கரிக்கு தனி எக்ஸாஸ்ட் பைப் மொட்டமாடிக்கு மேல வரைக்கும், வீட்டு ஜன்னல் இல்லாத பக்கமா. மாடிப்படி கடைக்குள்ள இருந்து ஏறக்கூடாது, ஈபி மீட்டர் போர்டை படிக்கு அடியில வெக்கவே கூடாது, நம்ம ஊர்ல எல்லாரும் அங்க தான் வெக்கறாங்க.

மேல மூடற விஷயம்: ஷீட் போடலாம், ஆனா நாலு பக்கமும் ஒட்டி மூடினா குக்கர் மாதிரி ஆயிடும். மொட்டமாடிக்கு மேல ஆறேழு அடி சுவர் தூக்கி, கிழக்குப் பக்கம் மட்டும் ரெண்டடி பட்டை வெச்சு திறந்து விடுங்க, மேக்கு காத்து மேல தாண்டிப் போறப்ப அந்தப் பக்கம் உறிஞ்சும். உசரம் ஏன் முக்கியம்னா, சூடான காத்து மேல ஏறி வெளிய போற வாய் உங்க ரெண்டாவது மாடி ஜன்னல் உசரத்துலயே இருந்தா அது வெளிய போகாம உங்க வீட்டுக்குள்ள தான் வரும். கீழ ஃப்ளோர் ஜம்முனு இருக்கும், மேல அவியும். நிறைய பேர் கோட்டை விடறது இங்க தான்.

சின்ன கணக்கு. சந்துக்கு கீழயும் மேலயும் காத்து போற வாய் தலா ஒரு சதுர மீட்டர், நடுவுல 9 மீட்டர் உசரம், உள்ள வெளிய 3 டிகிரி வித்தியாசம்னா வினாடிக்கு அரை கன மீட்டர் சொச்சம் காத்து போகும். ரூம் காத்து மாறறதுக்கு அது தாராளம், ஆனா உங்க மேல பட்டு வேர்வை காயற வேகம் அதுல இருக்காது. மார்ச் ஏப்ரல்ல மேக்கு காத்து இல்லாத நாள்ல சீலிங் ஃபேன் வேணும்.

சைட்_சூப்பர்வைசர்_கரூர்:
எல்லாரும் டிசைன் பேசறீங்க, நான் சைட்ல நடக்கறதைச் சொல்றேன்.

ஜன்னல் இப்ப எல்லாரும் யூபிவிசி (பிளாஸ்டிக் ஃப்ரேம்) ஸ்லைடிங் போடறாங்க, அது பாதி தான் திறக்கும், மேல கொசுவலை வேற, நாலடி ஜன்னல்ல ரெண்டடி ஜன்னல் காத்து கூட வராது. கதவு மாதிரி திறக்கற ஜன்னல் போடுங்க. எகோ நிவாஸ் சம்ஹிதான்னு 2018ல சென்ட்ரல் கவர்ன்மெண்ட் வீடுகளுக்கு ஒரு கட்டட விதித் தொகுப்பு போட்டாங்க, அதுல புழுக்கமான ஊருக்கு தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு திறக்கற ஜன்னல் இருக்கணும்னு இருக்கு. திறக்கற அளவு, ஃப்ரேம் அளவு இல்ல. உங்க பிளான்ல அளந்து பாருங்க, பாதி கூட தேறாது.

கூரை உங்க தலைக்கு மேல தான் வருது, அதனால காசை அங்க போடுங்க. வெறும் கான்கிரீட் தளம் பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணிக்கு கட்டில் மேல இறக்கும். மேல வெள்ளை கூல் டைல்ஸ், அதுக்கு அடியில இன்சுலேஷன் ஷீட், முடிஞ்சா சோலார் பேனலை ஆளுயரத்துக்குத் தூக்கி வெச்சா அதோட நிழலும் சேந்துக்கும். மேக்கு சுவருக்கு ஏஏசி பிளாக் (காத்து அடைச்ச லேசான கான்கிரீட் கல்) போடலாம், இல்ல ரேட் ட்ராப் பாண்ட் (செங்கல்லை நிக்க வெச்சு நடுவுல இடைவெளி விட்டுக் கட்டறது) தெரிஞ்ச கொத்தனார் கிடைச்சா செங்கல்லுல கால்வாசி மிச்சம், நடுவுல காத்து இடைவெளியும் கிடைக்கும். கிடைக்கணுமே, அது தான் பிரச்சன.

கிளினிக்காரர் எப்படியும் ஏசி கேப்பார், அதுல சண்டை போடாதீங்க. முதல் மாடில கன்சல்டிங் ரூம் ஒண்ணை மட்டும் அடைச்சு ஏசிக்கு விட்டுட்டு வெயிட்டிங் ஹாலை காத்துக்கு விடுங்க. ஃபேன் எல்லாம் பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார்) வாங்குங்க, பழைய 75 வாட் இடத்துல 30 வாட் தான் ஓடும்.

உடுமலைக்காத்து:
எல்லாம் எழுதி வெச்சுக்கிட்டனுங்க. அப்பாகிட்ட ஓடிஎஸ்ஸை 4க்கு 4ல இருந்து 8க்கு 10 ஆக்கணும்னேன், கடை வாடகை எடம் போகுதேன்னு கோவிச்சுக்கிட்டார், கடைக்கு மேல இருந்து தான் ஆரம்பிக்குதுன்னு சொன்னதும் சரின்னுட்டார். மேக்குல படி வர்றது வாஸ்துக்கும் ஆகுமாம், நடுவுல திறந்த எடம் விடறது இன்னும் விசேஷமாம், நல்லதா போச்சுங்க. ஒரே ஒரு சந்தேகம், மெயின் ரோட்டு தூசியும் லாரி சத்தமும் ஜாலி வழியா வருமேங்க?

செம்மண்_கோடு (புதுச்சேரி):
வரும், பொய் சொல்ல மாட்டேன். பெட்ரூமை எல்லாம் ஓடிஎஸ்ஸுக்கு கிழக்குப் பக்கம் தள்ளிடுங்க, ரோட்டுப் பக்கம் ஹாலும் டைனிங்கும் இருக்கட்டும். ஜாலிக்கு உள்பக்கம் வராண்டால தொட்டிச் செடி வெச்சா தூசி கொஞ்சம் அதுல நிக்கும், ஜாலியை துடைக்க ஆள் நிக்கற அளவு இடைவெளி விட்டுக் கட்டுங்க, நிறைய பேர் சுவத்தோட ஒட்டிக் கட்டிட்டு அப்புறம் கழுவவே முடியாம கிடக்குது. புது பிளான் வந்ததும் இங்க போடுங்க, செக்‌ஷனையும் (பில்டிங்கை நெட்டுக்க வெட்டிக் காட்டற படம்) சேத்து, வெறும் பிளானை வெச்சு காத்தைச் சொல்ல முடியாது.