லண்டனில் மாணவர் அறை: சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே எப்படிப் பிடிப்பது?

தோட்டத்துத்_தம்பி (சுங்கை சிப்புட், பேரா) கேட்டது:

அண்ணன், அக்காமார்களுக்கு வணக்கம். தங்கைக்கு லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில், மைல் எண்ட் வளாகத்தில், செப்டம்பரில் முதுகலை தொடங்குகிறது. ஓராண்டுப் படிப்பு. தங்க இடம் இன்னும் அமையவில்லை. அப்பா, அம்மா தோட்ட வேலை. இங்கிலாந்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. இடத்துக்கு மாதம் 900 பவுண்டு வரை கொடுக்க முடியும்.

மூன்று சந்தேகம்.

பல்கலைக்கழக விடுதியா, தனியார் மாணவர் விடுதியா, வெளி வீட்டில் ஓர் அறையா, எது கட்டுப்படியாகும்?

ஓர் ஏஜெண்டு இங்கிலாந்தில் வசிக்கும் ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார். இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார். இது வழக்கமா?

முகநூலில் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை மாதம் 650 என்று ஒருவர் போட்டிருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது. இன்றைக்கே 500 பவுண்டு அனுப்பினால் பிடித்து வைப்பதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

---

கணக்கப்பிள்ளை_ஈப்போ எழுதியது:

மூன்றாவதுக்கு முதலில் பதில்: அனுப்பாதீர்கள். காரணத்தைக் கீழே வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள். நான் வாடகைக் கணக்கை மட்டும் சொல்கிறேன், நம் பிள்ளைகள் பலர் தவறுவது அங்கேதான்.

லண்டனில் மாணவர் விடுதிகள் வாடகையை வாரக்கணக்கில் சொல்லும். வெளி வீடுகளில் மாதக்கணக்கும் உண்டு. வார வாடகையை நான்கால் பெருக்கி மாத வாடகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 200 என்றால் மாதம் 800 இல்லை, 866 பவுண்டு 67 பென்ஸ். உங்கள் 900-ஐ இப்படித் திருப்பிப் போட்டால் வாரம் சுமார் 208 வரும். அந்தத் தொகைக்குத் தனிக் குளியலறை உள்ள விடுதி அறை லண்டனில் அரிது. குளியலறையும் சமையலறையும் பொதுவாக உள்ள அறையைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒப்பந்தம் எத்தனை வாரம் என்று பாருங்கள். பல்கலைக்கழக விடுதிகளில் பெரும்பாலும் 38 முதல் 40 வாரம், தனியார் விடுதிகளில் 44 அல்லது 51 வாரம். வாரம் 260 வீதம் 40 வாரத்துக்கு 10,400 பவுண்டு. வாரம் 230 வீதம் 51 வாரத்துக்கு 11,730. வார வாடகை குறைவாகத் தெரியும் இடத்தில் மொத்தம் 1,330 பவுண்டு கூடுகிறது. இளங்கலை மாணவர் கோடையில் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பதால் அவருக்கு 40 வாரம் லாபம். உங்கள் தங்கைக்கு அப்படியில்லை. முதுகலையில் கோடை முழுவதும் ஆய்வேடு எழுதும் காலம். 40 வார அறை ஜூனில் முடிந்துவிட்டால் மீதி மூன்று மாதத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், அதுவும் சுற்றுலாக் கூட்டம் நிறைந்த பருவத்தில். அதனால் வார வாடகையை ஒப்பிட வேண்டாம். செப்டம்பர் முதல் அடுத்த செப்டம்பர் வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி அதை ஒப்பிடுங்கள்.

அந்தத் தாளில் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகியவற்றையும் சேருங்கள். விடுதியில் இவை வாடகைக்குள் அடங்கும். வெளி வீட்டில் பெரும்பாலும் தனி. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு நமக்குப் பழக்கமே இல்லாதது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. குயின் மேரி, லண்டன் பல்கலைக்கழகக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் கூட்டமைப்பு நடத்தும் பொது விடுதிகளுக்கும் தங்கை விண்ணப்பிக்கலாம். ரஸ்ஸல் சதுக்கத்துப் பக்கம் உள்ள இன்டர்நேஷனல் ஹால், மார்பிள் ஆர்ச் அருகில் உள்ள நட்ஃபோர்ட் ஹவுஸ் போன்றவை. சிலவற்றில் சாப்பாடும் சேர்த்தி. மார்பிள் ஆர்ச்சிலிருந்து மைல் எண்டுக்கு சென்ட்ரல் வழித்தடத்தில் வண்டி மாறாமல் போகலாம். குயின் மேரி விடுதி ஒன்றையே நம்பி இருப்பவர்களுக்கு இந்த வழி தெரிவதில்லை.

---

கிள்ளான்_அக்கா எழுதியது:

தம்பி, அந்த 500 பவுண்டு பற்றி.

இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, அறையைப் பிடித்து வைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. மாதம் 650 என்றால் வாரத்துக்கு 150 பவுண்டு. 500 கேட்பதே சட்டத்துக்கு வெளியே. வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 650-க்கு 750 பவுண்டு. அதையும் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, விவரத்தை எழுத்தில் தர வேண்டும். தராத வீட்டுக்காரர் மீது வழக்குப் போட்டால், வைப்புத்தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அவர் கட்ட நேரிடும்.

ஏமாற்றுக்காரர் பேசும் விதம் எப்போதும் ஒன்றுதான். “நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்புங்கள்.” வாடகையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். மலேசியாவிலிருந்து டிடி (வங்கி வழி வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம்) போடும்போது கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று அங்குள்ள வங்கி பார்த்துச் சொல்லும் என்று நம்பாதீர்கள். போன காசு திரும்புவது கடினம்.

சோதிக்க வழி இருக்கிறது. நேரலை வீடியோ அழைப்பில் தெருப் பெயர்ப்பலகையில் தொடங்கி, வாசல் எண், மாடிப்படி, அறை என்று நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்து அனுப்பும் வீடியோ வேண்டாம். அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் மூலையில் கரும்பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் முன்பணம் போடும் மீட்டரா என்று கேளுங்கள். பிறகு இங்கிலாந்து நிலப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண்டு கட்டினால் அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஏஜெண்டு என்றால், வாடிக்கையாளர் பணப் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். அது கட்டாயம்.

ஈஸ்ட் ஹாம் இடம் நல்ல இடம்தான். டிஸ்ட்ரிக்ட் வழித்தடத்தில் மைல் எண்டுக்கு ஆறாவது நிறுத்தம். ஊருக்கு நடுவே உள்ள முதல் மண்டலத்துக்குள் போகாததால் கட்டணம் குறையும். முருகன் கோயில், நம் ஊர்ச் சாமான் கடை எல்லாம் பக்கம். இல்ஃபோர்டு, மேனர் பார்க் பக்கம் கிடைத்தால் 25-ஆம் எண் பேருந்து வளாகத்தின் வாசலிலேயே நிற்கும், இரவு முழுக்க ஓடும்.

ஆனால் அங்கே தமிழ்க் குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையை விடுவது மிகுதி. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் தங்கை வாடகைதாரர் ஆக மாட்டார், உள்ளிருப்பவர் என்ற கணக்கு. நான் மேலே சொன்ன வைப்புத்தொகைப் பாதுகாப்பு அங்கே செல்லாது, சுருக்கமான அவகாசத்தில் வெளியேறச் சொல்லலாம். நல்ல குடும்பங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு தாளிலாவது வாடகை, எதெல்லாம் அதில் அடங்கும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரொக்கம் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாவிட்டால் வங்கிக் கணக்குத் திறப்பதும் இழுபறியாகும்.

அறையின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் தனித்தனிக் குடித்தனமாகப் பகிரும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். அதில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் சுமார் 70 சதுர அடி, பத்தடிக்கு ஏழடி.

---

தோட்டத்துத்_தம்பி:

மிக்க நன்றி அக்கா, அண்ணா. அவரிடம் நேரலை வீடியோ கேட்டேன், உடனே என்னைத் தடை செய்துவிட்டார். அந்தக் கதை முடிந்தது. ஜாமீன் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை. அப்பாவின் சம்பளச் சீட்டைக் காட்டினால் ஏற்பார்களா?

---

ஒப்பந்தம்_படிப்பவர் எழுதியது:

ஏற்க மாட்டார்கள், தம்பி. அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்பது அங்கே பிரச்சினையே இல்லை. வாடகை நின்றால் இங்கிலாந்து நீதிமன்றத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடிய ஆள் வேண்டும், அதனால்தான் அங்கே வசிப்பவரைக் கேட்கிறார்கள்.

ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டும் வழி முன்பு பரவலாக இருந்தது. பழைய பதிவுகளில் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 மே 1 முதல், வெளி வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவோ வாங்கவோ கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தமும் அங்கே இல்லை, வாடகைதாரர் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். உங்கள் ஏஜெண்டு இன்னும் ஆறு மாதம் கேட்டால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பல்கலைக்கழக விடுதிகளுக்கும், அரசு அங்கீகரித்த நடத்தை நெறிமுறையில் சேர்ந்த தனியார் மாணவர் விடுதிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 51 வாரம் என்று கையெழுத்துப் போட்டால் 51 வாரமும் உங்கள் பொறுப்பு.

முன்வாடகை வழி அடைபட்டதால் வெளி வீட்டுக்காரர்கள் ஜாமீனை இன்னும் அழுத்திக் கேட்பார்கள். இரண்டு வழி உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தாங்களே ஜாமீன் நிற்கும், விடுதி அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் ஹவுசிங் ஹேண்ட் போன்ற ஜாமீன் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டணம் திரும்ப வராது. வாடகை பாக்கி விழுந்தால் நிறுவனம் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். இதையும் கணக்கப்பிள்ளை சொன்ன தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விடுதிக்குப் பெரும்பாலும் ஜாமீன் கேட்பதில்லை. உங்கள் நிலையில் அதையே முதலில் முயல்வேன், வாரத்துக்கு இருபது பவுண்டு கூடினாலும்.

விசாவுக்கும் இதில் ஒரு நன்மை. பல்கலைக்கழகத்திடமே கட்டிய விடுதிப் பணத்தை, ஒரு வரம்பு வரை, வங்கியில் 28 நாள் காட்ட வேண்டிய தொகையிலிருந்து கழிக்கலாம். தனியார் விடுதிக்குக் கட்டியதைக் கழிக்க முடியாது.

வெளி வீடு என்றால் குடியேறும் முன் வீட்டுக்காரர் தங்கைக்கு அங்கே வாடகைக்குக் குடியிருக்க உரிமை உண்டா என்று சரிபார்க்க வேண்டும். தங்கையின் மின்விசாக் கணக்கில் (விசா விவரம் இருக்கும் அரசு இணையக் கணக்கு) அதற்கென ஒரு பகிர்வுக் குறியீடு எடுக்கலாம், 90 நாள் செல்லும். வேலைக்கு எடுக்கும் குறியீடு வேறு, அதைக் கொடுத்தால் ஏற்காது.

நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் யோசியுங்கள். ஒருவர் கட்டாமல் போனால் மீதிப் பேர் முழு வாடகைக்கும் பொறுப்பு. அறைக்குத் தனி ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே மேல்.

நகராட்சி வரி பற்றி: வீட்டில் எல்லாரும் முழுநேர மாணவர் என்றால் விலக்கு உண்டு. தானாக வராது, பல்கலைக்கழகத்தில் சான்றுக் கடிதம் வாங்கி அந்தப் பகுதி நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். மாணவர் அல்லாத ஒருவர் கூட இருந்தால் வீட்டுக்குப் பில் வரும், யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன் லண்டன் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதிப் பிரிவுக்கு அனுப்புங்கள். மாணவருக்காக அவர்கள் படித்துப் பார்த்துச் சொல்வார்கள்.

---

கிள்ளான்_அக்கா:

ஒன்று விட்டுப்போனது. சாவி வாங்கிய அன்றே, பெட்டியைத் திறக்கும் முன், சுவர், மெத்தை, கம்பளம், அடுப்பு, ஜன்னல் மூலை எல்லாவற்றையும் படம் பிடித்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வைப்புத்தொகையில் பிடித்தம் வருவது பெரும்பாலும் துப்புரவுக்கும் பூஞ்சைக்கும்தான். குளிர்காலத்தில் அறைக்குள் துணி காயப்போட்டு ஜன்னலை மூடி வைத்தால் ஒரே மாதத்தில் சுவர் கறுக்கும்.

ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாம். அங்கேயும் நம் ஊர் மூன்று கால் பிளக்தான், அடாப்டர் தேவையில்லை. ஆனால் விடுதி அறைக்குள் வைத்துச் சமைக்கக் கூடாது, பொதுச் சமையலறையில்தான். அங்கேயும் மிளகாய் தாளிக்கும்போது கதவைச் சாத்திப் புகைப்போக்கியைப் போடச் சொல்லுங்கள். தீ அலாரம் அடித்தால் கட்டடம் முழுக்க வெளியே போய் நிற்க வேண்டும்.

---

தோட்டத்துத்_தம்பி:

பல்கலைக்கழக விடுதி, கூட்டமைப்பு விடுதி இரண்டுக்கும் இன்றிரவு விண்ணப்பம் போடுகிறோம். ஜாமீன் பற்றி மின்னஞ்சலும் அனுப்பிவிட்டோம். பதில் வந்ததும் தொகையோடு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.