பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கிற ஒருவகைப் பல்லி) நாள் முழுக்க பல்புக்கு அடியிலேயே கிடக்குது, ஆனா சாப்பிட்டது செரிக்கல. 150 வாட் போடலாமா?

கேள்வி

5 மாசக் குட்டி. 4×2×2 அடி கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. பல்பெல்லாம் வலைக்கு மேலேதான் இருக்கு. வலது ஓரத்தில் 100 வாட் ஸ்பாட் பல்பு, அதுக்கு நேர் கீழே தரையில் ஒரு தட்டைக் கல். தொட்டிக்கு நடுவில் 26 வாட் சுருள் யூவிபி (புற ஊதாக் கதிர்) பல்பு. ராத்திரிக்குச் சிவப்பு பல்பு, தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடு கொடுக்கிற விரிப்பு).

பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டின வட்ட தெர்மாமீட்டர் 33 டிகிரி செல்சியஸ் காட்டுது. குட்டி உடம்பைக் கறுப்பாக்கி, தட்டையாக்கிக்கிட்டு கல்லை விட்டு இறங்கவே மாட்டேங்குது. சாப்பாடு குறைஞ்சுபோச்சு. எச்சத்தில் பூச்சி பாதி முழுசா வருது. வாட்டை ஏத்தினா சரியாகுமா? எதை முதல்ல மாத்தணும்?

பதில் 1

வாட்டை ஏத்தாதீங்க. முதல்ல அளக்கணும். அந்த ஒட்டுற தெர்மாமீட்டர் காட்டுறது கண்ணாடி ஓரத்துக் காற்றோட சூடு, அதையும் துல்லியமா காட்டாது. கல்லோட மேற்பரப்பு என்ன சூட்டில் இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு கருவி வேணும்: மேற்பரப்பை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி (தொடாமலே சூட்டை அளக்கிற தெர்மாமீட்டர்), காற்றை அளக்க வயரோட நுனியில் சென்சார் இருக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர்.

இருக்க வேண்டிய அளவு: குட்டி வெயில் காயும் இடத்தில் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி. வளர்ந்ததுக்கு 38 முதல் 41 போதும். எதிர் ஓரத்தில் காற்று 24 முதல் 27. இந்த வித்தியாசம் இருந்தாத்தான் அது சூடேறினதும் நகர்ந்து போய் ஆற முடியும்.

துப்பாக்கியால அளக்கிறதுல எல்லாரும் பண்ற தப்பு, வலைக்கு மேலிருந்தே சுடுறது. அப்படிச் செய்தா வலையோட சூடும் கல்லோட சூடும் கலந்து ஏதோ ஒரு எண் வரும். கண்ணாடி வழியா சுட்டா கண்ணாடியோட சூடுதான் வரும். மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கல்லிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெச்சு அளக்கணும். 12:1 விகிதத் துப்பாக்கின்னா 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. வட்டத்தோட சராசரியைத்தான் சொல்லும். தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கிற கொதிப்பு அந்தச் சராசரிக்குள்ளே மறைஞ்சுடும்.

பல்பு எரிஞ்சு 2 மணி நேரம் ஆனப்புறம் கல்லோட நடுவில் ஒரு தடவை, அங்கிருந்து ஒரு கை அகலம் தள்ளி ஒரு தடவை அளந்து சொல்லுங்க. ஸ்பாட் பல்புன்னு சொன்னதால எனக்கு அந்த ரெண்டாவது எண்தான் முக்கியம்.

பதில் 2

மேலே சொன்னதோடு யூவிபி பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அமைப்பில் வெப்பம் ஓர் ஓரத்திலும் யூவிபி நடுவிலும் இருக்கின்றன. இவை இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும்.

யூவிபி தோலில் பட்டதும் உருவாவது வைட்டமின் டி3-இன் முந்தைய வடிவம் மட்டுமே. அதை டி3-ஆக மாற்றுவது உடம்புச் சூடு. வெயில் காயும்போது இந்த இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. குட்டி நாள் முழுக்க வலது ஓரத்திலேயே கிடந்தால், நடுவில் எரியும் பல்பால் அதற்குப் பெரிய பயன் இல்லை. டி3 இல்லாமல் கால்சியம் தூள் எவ்வளவு தூவினாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

சுருள் பல்பையே கைவிடலாம். அதன் கதிர் பரவும் பரப்பு மிகச் சிறியது. 4 அடித் தொட்டிக்கு ரிஃப்ளெக்டர் பொருத்திய டி5 ஹெச்ஓ (மெல்லிய, அதிக ஒளி தரும் வகை) யூவிபி குழல்விளக்கு வாங்குங்கள். உறையில் 12 சதவீதம் அல்லது 10.0 என்று போட்டிருக்கும். 24 வாட் குழல் சுமார் 22 அங்குலம், 39 வாட் குழல் சுமார் 34 அங்குலம். தொட்டி நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போதும். முழு நீளத்துக்குப் போட்டால் நிழலான பக்கமே இல்லாமல் போகும். குழலின் ஒரு முனை வெப்பப் பல்புக்குப் பக்கத்திலேயே தொடங்கட்டும்.

தூரத்தைக் கல்லிலிருந்து அளக்காதீர்கள், குட்டியின் முதுகிலிருந்து அளங்கள். வலைக்கு மேல் வைக்கும் 12 சதவீதக் குழலுக்கு 25 முதல் 30 செ.மீ. வலை இல்லாமல் உள்ளேயே மாட்டினால் 38 முதல் 45 செ.மீ. வலையின் கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு யூவிபி தடுக்கப்படும். மூன்றில் ஒரு பங்கு போவது சாதாரணம். சோலார்மீட்டர் 6.5 (யூவி அளக்கும் கருவி) கைவசம் இருந்தால் முதுகு மட்டத்தில் யூவி இண்டெக்ஸ் 3 முதல் 5 வரை வர வேண்டும். கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ குறுக்கே வரக் கூடாது. யூவிபி அதைத் தாண்டி வராது. குழல் மங்காமல் எரிந்துகொண்டிருந்தாலும் 12 மாதத்தில் மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையாமலே யூவிபி மட்டும் குறைந்துகொண்டு போகும்.

தாடை ரப்பர் மாதிரி வளைந்தாலோ, விரல்களும் கால்களும் துடித்தாலோ விளக்கு மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்

துப்பாக்கி வாங்கி அளந்தேன். கல் நடுவில் 49, ஒரு கை தள்ளி 34. குளிர்ந்த பக்கம் காற்று 26. டி5 24 வாட்டும் வந்தாச்சு. ஆனா வலையிலிருந்து தரை 60 செ.மீ., 30 செ.மீ. எப்படி வரும்? அப்புறம், சில சமயம் கல் மேல வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கு, அது மூச்சுத்திணறலா?

பதில் 1

49-க்கும் 34-க்கும் நடுவில் ஒரு கை அகலம்தான். இதுதான் நோய். ஸ்பாட் பல்பு கதிரை ஒரு சின்ன வட்டத்தில் குவிக்குது. குட்டியோட முதுகு நடுவில் தீய்க்கிற சூடு, தோளிலும் வாலடியிலும் சூடே இல்லை. செரிக்கணும்னா உடம்பு மொத்தமும் 35 டிகிரி பக்கம் ஏறணும். ஏறாததால கறுத்து, தட்டையாகி, கிடைக்கிறதை உறிஞ்சப் பார்க்குது. 150 வாட் போட்டிருந்தா முதுகில் புண்ணே வந்திருக்கும்.

ஸ்பாட்டைக் கழட்டிட்டு ஃப்ளட் வகை (கதிரை அகலமா பரப்புற) ஹாலஜன் பல்பு போடுங்க. பார்38 அளவு, 75 முதல் 90 வாட். முடிஞ்சா ஒரே பெரிய பல்புக்குப் பதிலா 50 வாட் ரெண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வெச்சா சூடு இன்னும் பரவலா விழும். வால் நீங்கலாக உடம்பு முழுக்க அந்த வட்டத்துக்குள்ளே அடங்கணும், அதுதான் கணக்கு. ஹோல்டர் பீங்கானா இருக்கணும். பிளாஸ்டிக் ஹோல்டர் சில வாரத்தில் பழுத்து உடையும். கிளிப் மாட்டின விளக்கு நழுவினா தீப்பிடிக்கும், சங்கிலியில் தொங்கவிடுங்க.

உயரத்துக்கு வழி எளிது, மேடையை ஏத்துங்க. வலையிலிருந்து 28 செ.மீ. வேணும்னா முதுகு தரையிலிருந்து 32-ல் வரணும். குட்டி படுத்தா 4, 5 செ.மீ. உயரம். அப்போ மேடை 27 செ.மீ. அகலமான மரத்தட்டும், ஏற சாய்வுப் பலகையும் போதும். விழுந்தா அடிபடுற உயரம், அதனால விளிம்பில் உருட்டுக் கட்டை எதுவும் வேண்டாம். இந்த மேடையைத் தாண்டி வலை பக்கம் ஏற எந்தக் கிளையும் விடாதீங்க. குழலுக்கு ரொம்ப நெருங்கினா கண் வீங்கி மூடிக்கும்.

மேடை ஏறினதும் ஹாலஜனும் கிட்டே வந்துடும், 43 தாண்டும். டிம்மர் (பல்பு எரியுற வேகத்தைக் குறைக்கிற திருகு) போட்டு இறக்குங்க. எல்இடி பல்புக்குன்னு வர்ற டிம்மர் வேண்டாம். பல வகை ஹாலஜனோட வாட்டைத் தாங்காது. டிம்மர் பெட்டியில் போட்டிருக்கிற வாட் அளவைப் பார்த்து வாங்குங்க.

வாய் திறந்து உட்கார்றது நல்ல அறிகுறி, போதுமான சூடு ஏறி கொஞ்சம் வெளியே விடுது. குளிர்ந்த பக்கத்தில் இருக்கும்போதும் வாய் திறந்தே இருந்தாலோ, சளி, சத்தம் கேட்டாலோதான் மூச்சுக்கோளாறு.

பதில் 3

ராத்திரி சமாச்சாரத்தை யாரும் தொடலையே. சிவப்பு பல்பை இன்னிக்கே கழட்டிடுங்க. அதுக்குச் சிவப்பு நல்லாவே தெரியும், தூங்க விடாது. விளக்கு அணைஞ்சா முழு இருட்டு. ராத்திரி 18 டிகிரிக்குக் கீழே போகாத அறைன்னா வேற வெப்பமே தேவையில்லை. போனா மட்டும் செராமிக் ஹீட் எமிட்டர் (வெளிச்சமில்லாம சூடு மட்டும் தர்றது), அதுக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) கட்டாயம்.

ஹீட் மேட்டையும் எடுத்துடுங்க. இது சூரியனைப் பார்த்து வெயில் காயுற பிராணி, சூட்டை மேலிருந்துதான் எதிர்பார்க்கும். அடியிலிருந்து தாக்குற சூட்டுக்கு நகர்ந்து போகத் தெரியாம வயிறு வெந்துபோறது உண்டு. மண்ணு, டைல் எது போட்டாலும் அந்த ஆபத்து இருக்கு.

டைமரில் ஹாலஜனும் யூவிபியும் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையட்டும், 12 முதல் 13 மணி நேரம். கோடை மாதிரி வேணும்னா 14, குளிர்காலம் மாதிரின்னா 10. காலையில் விளக்கு போட்டு 1, 2 மணி நேரம் கழிச்சு முதல் தீனி. அணையறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி கடைசித் தீனி. உங்க குட்டிக்கு எச்சத்தில் முழுப் பூச்சி வர்றதுக்கு இந்தக் கடைசித் தீனியும் ஒரு காரணமா இருக்கலாம், எத்தனை மணிக்குக் கொடுக்கிறீங்கன்னு பாருங்க.

டிம்மருக்குப் பதிலா டிம்மிங் தெர்மோஸ்டாட் போட்டா அறை சூடு மாறினாலும் அதுவே சரிபண்ணிக்கும். ஆன்-ஆஃப் வகை ஹாலஜனுக்கு ஆகாது, பல்பு அணைஞ்சு அணைஞ்சு எரியும். சென்சாரை மேடை ஓரத்தில் கேபிள் டையால இறுக்கிக் கட்டுங்க, டேப் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை இளகி உரிஞ்சு, குட்டி தோலிலேயே ஒட்டிக்கும். தெர்மோஸ்டாட் திரையில் காட்டுற எண் 38-ஆ 44-ஆன்னு கவலைப்படாதீங்க, மேடை நடுவில் துப்பாக்கி 41 காட்டுற வரைக்கும் திருகி அங்கேயே விட்டுடுங்க. வாரம் ஒருதடவை சென்சார் கட்டின இடத்திலேயே இருக்கான்னு பாருங்க. குட்டி தட்டிவிட்டு அது குளிர்ந்த பக்கம் விழுந்தா, தெர்மோஸ்டாட் தொட்டியே குளிர்ந்துபோச்சுன்னு நினைச்சு பல்பை முழு வீச்சில் எரியவிடும்.