கல்லூரியைப் பல்கலைக்கழகம் ஆக்கலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் படித்தது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில். பெயரைப் பல்கலைக்கழகம் என்று மாற்றலாமா என்று முன்னாள் மாணவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

நிர்வாகம் சொல்லும் காரணம் புரிகிறது. முதுகலைப் படிப்புகள் வந்துவிட்டன, வெளிநாட்டு மாணவர்களும் வேண்டும். அதே மாநிலத்தில் வூஸ்டர் நகரில் 1904இல் தொடங்கிய அசம்ப்ஷன் கல்லூரியும் 2020இல் பல்கலைக்கழகம் ஆனது. சரி. ஆனால் 1863இல் தொடங்கிய பாஸ்டன் காலேஜ், முனைவர் பட்டம் வரை கொடுத்தும் பழைய பெயரை விடவில்லை. அதை யாரும் குறைவாக நினைப்பதில்லையே! என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசைக்கே தட்டோடு வந்து உட்கார்ந்து, கட்டுரையைத் திருத்திக் கொடுத்த பாதிரியார் எங்கள் கல்லூரியில் இருந்தார். அந்த நெருக்கம் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

இப்படிப் பெயர் மாறிய இடத்தில் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பழைய பெயரில் உள்ள பட்டச் சான்றிதழால் வேலையிலோ விசாவிலோ சிக்கல் வந்ததா? புதிய பெயரில் மாற்றித் தந்தார்களா, அதற்குக் கட்டணம் உண்டா? அப்புறம், வகுப்பில் கூட்டம் கூடிவிட்டதா? தம்பி தங்கைகள் இப்போது அங்கே படித்தால் அவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.