புதுப்பிப்பு: மதர்போர்டை மாற்றவில்லை, ரிப்பேர்தான்

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, ரிப்பேரா புதுசா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, அந்த எல்ஜிஏ 1151 (இன்டெலின் பழைய ப்ராசஸர் சாக்கெட்) போர்டு விஷயம்.

ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டியது. அதாவது, ப்ராசஸர் பக்கத்து மாஸ்ஃபெட் (மின்சாரத்தை சுவிட்ச் போல விட்டு நிறுத்தும் சின்ன பாகம்) ஒன்று ஷார்ட். உண்மையான பயம் அதுவல்ல. மேல்பக்க மாஸ்ஃபெட் (12 வோல்ட் லைனோடு இணைந்திருப்பது) ஷார்ட் ஆகிப் போனால், சுமார் 1 வோல்ட்டில் ஓடும் ப்ராசஸருக்கு 12 வோல்ட் நேராகப் பாயலாம். ப்ராசஸரை நண்பரிடம் சும்மா கிடந்த போர்டில் போட்டுப் பார்த்தேன், உயிரோடு இருக்கிறது! (போர்டைக் கொடுத்த துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.)

அதோடு முடிவாகிவிட்டது. இன்றைய போர்டு வாங்கினால் ப்ராசஸரையும் மாற்ற வேண்டும், பெரும்பாலும் ரேமையும். மாஸ்ஃபெட்டோடு, அதை இயக்கும் சிப்பான டிரைவர் ஐசியையும் மாற்றியாச்சு. மூன்று நாளாக ஓடுகிறது. பழைய பவர் சப்ளை மேல்தான் இன்னும் சந்தேகம்.