மறு: எழுவர் ரக்பி கலைச்சொற்கள் – ‘ட்ரை’க்கு ‘ஊன்றல்’

அனைவருக்கும் வணக்கம். அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பிக்கான நம் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதே ‘ட்ரை’.

> ‘ட்ரை’ என்றால் முயற்சிதானே? அதை ஏன் மாற்ற வேண்டும்?

மாற்றியே ஆக வேண்டும், ஐயா. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதியாட்டத்தில் பிரான்ஸ் 28-7 என்று பிஜியை வென்றது. “பிரான்ஸ் நான்கு முயற்சிகள் செய்தது” என்று எழுதிப் பாருங்கள். நான்கில் எத்தனை பலித்தது என்று படிப்பவர் அடுத்த வரியைத் தேடுவார். நான்கும் பலித்தன, நான்குக்கும் பின்னுதை (ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் கூடுதல் உதை) சேர்ந்தது, அதனால்தான் 28. ‘வெற்றிகரமான முயற்சி’ என்று ஒட்டுப் போட்டால்தான் நிற்கும் சொல் கலைச்சொல் ஆகாது.

ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. தொடக்க காலத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களுக்கு இடையே உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டும் கிடைத்தது. இன்றோ தரையில் வைப்பதற்கே 5 புள்ளி, அதன் பின் வரும் உதைக்கு 2. கணக்கு இப்படித் தலைகீழான பிறகும் பழைய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் பரிந்துரை ‘ஊன்றல்’. வினையாக ‘ஊன்று’. விதியைப் பாருங்கள்: கையில் இருக்கும் பந்தானால் பிடி தளராமல் தரையைத் தொட வேண்டும், தரையில் கிடக்கும் பந்தானால் கையாலோ முன்னுடலாலோ அழுத்த வேண்டும். நழுவவிட்டால் புள்ளி இல்லை. காலை ஊன்றுகிறோம், விதையை ஊன்றுகிறோம், ஊன்றுகோல் என்கிறோம். தரையும் அழுத்தமும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. நடுவர் காணொளியைத் திரும்பப் பார்ப்பதும் பந்து ஊன்றப்பட்டதா என்று அறியத்தான்.

‘தொடுகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரக்பியில் பக்கக்கோட்டைத் தாண்டிப் பந்து போவதே ‘டச்’ என்பதால் குழப்பம் வரும்.

> பந்து ஊன்றப்படாமலே நடுவர் ‘பெனால்டி ட்ரை’ கொடுக்கிறாரே, அப்போது?

நல்ல கேள்வி, இதில் சற்று நேரம் நின்றேன். எதிரணியின் தவறு இல்லாவிட்டால் ஊன்றல் அநேகமாக நடந்திருக்கும் என்று நடுவர் கருதினால் அப்படி வழங்குகிறார். அதற்கு நேரே 7 புள்ளி, பின்னுதை கிடையாது. ‘தண்டனை ஊன்றல்’ என்றால் ஊன்றியவருக்கே தண்டனை போல ஒலிக்கிறது. ‘வழங்கு ஊன்றல்’ எனலாம். நடந்தது அன்று, நடுவர் வழங்கியது என்பது அதில் தெளிவு.

‘கன்வர்ஷன்’ என்பதற்குப் ‘பின்னுதை’ போதும். எழுவர் ஆட்டத்தில் இதைத் தரையில் நிறுத்தி வைத்து உதைக்க முடியாது. பந்தைக் கைவிட்டு, தரையில் பட்டு எழும்போது உதைக்க வேண்டும். அந்த ‘டிராப் கிக்’ முறைக்குத் ‘துள்ளுதை’ பொருந்தும். இரு அணியினரும் தோள் கோத்து முட்டித் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும் ‘ஸ்க்ரம்’ அப்படியே இருக்கட்டும்.

> ‘செவன்ஸ்’ = குறு ரக்பி?

குறுகியது நேரம்தான், பாதிக்கு 7 நிமிடம். மைதானம் பதினைவர் ஆட்டத்துக்கு உரிய அதே முழு மைதானம். அத்தனை பெரிய வெளியில் அணிக்கு ஏழே பேர் என்பதால்தான் ஓட்டமே ஆட்டமாகிறது. 1883-இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் நெட் ஹெய்க் தொடங்கி வைத்தபோதும் குறைந்தது ஆள்தான். பிஜி 2016 ரியோவில் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை இந்த ஆட்டத்தில் தங்கமாகவே வென்றது. அதைக் கொண்டாட மறு ஆண்டு 7 டாலர் தாளே அச்சிட்டது. ஏழு என்ற அந்த எண்ணைப் பெயரிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘எழுவர் ரக்பி’ என்றே வைப்போம்.

கடைசியாக ஒன்று. பல எழுவர் தொடர்களில் தோற்ற அணிகள் உடனே ஊர் திரும்புவதில்லை. ‘கப்’, ‘பிளேட்’, ‘பௌல்’ என்று அடுத்தடுத்த நிலைகளில் ஆடும். பட்டியலில் இவை கோப்பை, தட்டு, கிண்ணம் என்று இருக்கின்றன. இலங்கைத் தமிழில் உலகக் கோப்பையே ‘உலகக் கிண்ணம்’. மூன்றாம் நிலையில் வென்ற அணியை அங்குள்ள வாசகர் சாம்பியன் என்று எடுத்துக்கொள்வார். ஆகவே முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று எழுதுவோம். இலங்கை நண்பர்கள் இதைப் பார்த்து ஒரு வரி எழுதினால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.