பாத்திரம் என் கைக்கு வந்தபோது மனசு கறிக்கடையில் இருந்தது

பாளை ஆசிரியை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன கிறிஸ்மஸில் நடந்த ஒன்று இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதிகாலை 4 மணி ஆராதனை. திருவிருந்தில் அப்பத்தை வாங்கிவிட்டேன். திராட்சரசப் பாத்திரம் என்னிடம் வந்தபோது நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கறிக்கடையில் 3 கிலோ சொன்னது போதுமா, நாத்தனார் வீட்டிலும் வருவதால் 4 கிலோவாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று. இடத்துக்குத் திரும்பி முழங்காலில் நின்றபோதுதான் உறைத்தது, ஒரு வார்த்தைகூட ஜெபிக்காமல் திருவிருந்து எடுத்துவிட்டேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

நான் கணக்கு ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி வரை இழுக்கும், விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். வீட்டுக்காரர் பாடகர் குழுவில் இருக்கிறார், வீடு வீடாகப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் நடுச்சாமம் தாண்டித்தான் வருவார். மகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை நாடகத்தில் தேவதூதன் வேஷம், இறக்கை நான்தான் செய்ய வேண்டும். அத்தை இருந்தவரை முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் மூன்றும் அவர்கள் கையாலேயே நடந்துவிடும். அவர்கள் போய் 2 வருஷம் ஆகிறது. இப்போது நான் ஒருத்திதான். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் எங்களுக்குத் பலகாரத் தட்டு அனுப்புகிற வீடுகள் மட்டும் 16 இருக்கின்றன, அவர்களுக்கு நாங்களும் அனுப்ப வேண்டும்.

இதில் எது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாமே ஆண்டவருக்காகச் செய்வதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து வருகிறபோது அவரோடு ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒரு அதிகாரமாக லூக்கா வாசித்தால் 24 அதிகாரமும் 24ஆம் தேதி முடியும் என்று பிள்ளைகளோடு ஆரம்பித்தோம். முதல் அதிகாரமே 80 வசனம். சின்னவன் சகரியா ஊமையாகும் முன்னாலேயே தூங்கிவிட்டான். ஒன்பதாவதோடு நின்றுபோனது.

நீங்கள் எதை விட்டீர்கள், எதைப் பிடித்துக்கொண்டீர்கள்? உங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லுங்கள்.

உபதேசியார் வீட்டம்மா:

மகளே, முதலில் அந்தத் திருவிருந்து விஷயம். கல்வாரியில் அவர் தம்மைக் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கவனமாக ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. நீ அழுதாயே, அதை அவர் பார்த்திருப்பார். அதை ஒரு வருஷமாகச் சுமக்காதே.

எனக்கு வயது 71. எங்கள் வீட்டு ஐயா ஏரல் பக்கத்துக் கிராமங்களில் 34 வருஷம் சபையை நடத்துகிற உபதேசியாராக இருந்தார். டிசம்பரில் என்னால் ஒருநாளும் கூடுதலாக ஜெபிக்க முடிந்ததில்லை. அதனால் ஒருமுறை அவரே சொன்னார், "24ஆம் தேதிக்குள் எல்லாத்தையும் முடிக்கணும்னு உனக்கு யார் சொன்னது?" அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். நம் சபை முறைப்படி கிறிஸ்மஸ் 25ஆம் தேதி தொடங்குகிறது. ஜனவரி 5 வரை பன்னிரண்டு நாள். 6ஆம் தேதி, ஞானிகள் வந்து பணிந்துகொண்டதை நினைக்கிற பிரசன்னத் திருநாள். நாமோ 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் அதோடு பண்டிகையை முடித்துவிடுகிறோம்.

அதற்கு முந்தின நான்கு ஞாயிறும் அட்வெந்து, காத்திருக்கிற காலம். பீடத்தில் ஊதாத் துணி போடுவது அதற்குத்தான். அந்த நான்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கீர்த்தனை, ஐந்து நிமிஷம். டிசம்பரில் எங்களுக்கு அவ்வளவுதான். லூக்காவை 26ஆம் தேதி ராத்திரி தொடங்குவோம், பத்துப் பத்து வசனமாக. பள்ளிக்கூடம் லீவு, கேரலும் முடிந்திருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் பார்த்த சிமியோன், அன்னாள் இரண்டு பேரையும் என் பிள்ளைகள் அந்த லீவில்தான் தெரிந்துகொண்டார்கள்.

பலகாரம் மூன்றில் இரண்டை விட்டுவிடு. அத்தை செய்ததை எல்லாம் செய்யாவிட்டால் அவர்களை மறந்ததாக ஆகாது. ஆனால் 16 வீட்டுத் தட்டைக் குறைக்காதே. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை நீயும் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்துவிட்டது. எங்கள் கோவில் மேட்டில் இருந்ததால் பண்டிகை விருந்துக்கு வாங்கி வைத்த அரிசியை எடுத்து அங்கேயே அடுப்பு மூட்டினோம். தெருவில் எந்த வீட்டார் என்று பார்க்காமல் எல்லாரும் ஐந்து நாள் அங்கேதான் சாப்பிட்டார்கள். தயங்காமல் வந்தார்கள், ஏனென்றால் வருஷா வருஷம் தட்டு போய்க்கொண்டிருந்த வீடுகள் அவை. அந்த வருஷம் கோவிலில் ஒரு ஸ்டார்கூடக் கட்டவில்லை.

முத்துநகர் அப்பா:

சகோதரி, நாங்கள் தூத்துக்குடி கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டது குடில் ஒன்றைத்தான். அம்மா சொன்ன அட்வெந்து, எங்களுக்குத் திருவருகைக்காலம், தொடங்கும் நாளிலேயே வைத்துவிடுவோம், ஆனால் தீவனத்தொட்டி காலியாகவே இருக்கும். யாராவது ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால், ஒரு சண்டையை நிறுத்தினால், ராத்திரி ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டியில் போடலாம். என்ன செய்தோம் என்று சொல்லத் தேவையில்லை. 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் பாலன் இயேசுவை அதில் கிடத்துவோம். போன வருஷம் வைக்கோல் மிகவும் குறைவு. என் மகள் சொரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "குளிருமே அப்பா" என்றாள். அந்த வாரத்தில் நான் என் தம்பியோடு பேசாமல் இருந்தேன். மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் வீட்டில் இதற்குக் கூடுதல் நேரம் வேண்டியதில்லை. தொட்டி கண்ணெதிரே இருக்கும், அது போதும்.

குவைத் நர்ஸ்:

அக்கா, இங்கே டிசம்பர் 25 வேலை நாள். போன ஆறு கிறிஸ்மஸில் நான்கு எனக்கு டியூட்டியில் போனது. குவைத் சிட்டியில் ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு ஆராதிக்கின்றன. நம் தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அலங்காரத்துக்கோ பலகாரத்துக்கோ இடமே கிடையாது.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் இல்லாமல் இருந்தால் மனசு தானாக அவரிடம் போய்விடாது. முதல் வருஷம் நான் ஊரை நினைத்து அழுதேனே தவிர ஜெபிக்கவில்லை. இப்போது டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் மரியாளின் பாட்டைச் சொல்லிக்கொண்டு போகிறேன், லூக்கா 1இல் 46ஆம் வசனத்திலிருந்து. பத்து வசனம்தான். மனப்பாடம் செய்துவிட்டேன். நீங்கள் மாவு பிசையும்போது சொல்லலாமே. கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது.

பாளை ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. அம்மா, பன்னிரண்டு நாளை நான் யோசித்ததே இல்லை. முந்திரிக்கொத்து மட்டும் செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்கு அதுதான் பிடிக்கும். அண்ணன் சொன்னபடி காலித் தொட்டியும் வைக்கப் போகிறோம், இங்கே எங்கள் சபையில் யாரும் செய்து பார்த்ததில்லை. பாட்டை நேற்று பாத்திரம் கழுவும்போது 50ஆம் வசனம் வரை சொன்னேன் தங்கச்சி.

இன்னும் ஒன்று மட்டும், அம்மா. இந்த வருஷம் அந்த 4 மணி ஆராதனைக்கு எப்படி ஆயத்தமாவது? எனக்குப் பயமாகவே இருக்கிறது.

உபதேசியார் வீட்டம்மா:

24 சாயங்காலம் கறிக்கடையிலிருந்து காலை இட்லி வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுது. 4 கிலோவாகவே சொல்லிவிடு, மிஞ்சினால் கொடுக்க ஆள் இருக்கிறது. எழுதி முடித்ததும் சீட்டை வீட்டுக்காரரிடம் கொடு, அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். அப்புறம் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, பத்து மணிக்குப் படுத்துத் தூங்கு மகளே.